கத்தரிக்காய் சாப்பிடலாமா? தோல் நோயும் சாப்பாடும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு தோல் மருத்துவரின் அறைக்குப் பக்கத்து அறையில் உட்கார்ந்து, பத்து வருடத்துக்கும் மேலாக உணவு ஆலோசனை சொல்லிவருகிறேன். மருந்துச் சீட்டோடு வெளியே வருகிறவர்கள், டாக்டரிடம் கேட்க மறந்ததையும் கேட்கக் கூச்சப்பட்டதையும் என்னிடம் கேட்பார்கள். பெரும்பாலும் முதல் கேள்வி "என்ன சாப்பிடக் கூடாது?" என்பதுதான். "என்ன சாப்பிடணும்?" என்று தொடங்குகிறவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஒரு பெரியவர் நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில், தான் நிறுத்திவிட்ட பண்டங்களை வரிசையாக எழுதி எடுத்து வந்தார். மொத்தம் 23. அவர் கதை கடைசியில் வரும். திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை, கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன்.

1. "தோல் நோய் எல்லாமே சத்துக் குறைவால வர்றதுதானே மேடம்?"

இல்லை. இங்கே இரண்டு சங்கதி கலந்து கிடக்கிறது. ஒன்று, உடம்பில் ஏதோ ஒரு சத்து தீர்ந்துபோய், அந்தக் குறையே தோலில் தெரிவது. அந்தச் சத்தைக் கொடுத்தால் தோல் தேறிவிடும். இன்னொன்று, சோரியாசிஸ் (திட்டுத் திட்டாகத் தடித்துச் செதில் உதிர்வது), எக்ஸிமா (வறண்டு அரிக்கும் தோல் அழற்சி), வெண்புள்ளி, நாள்பட்ட தடிப்பு போன்றவை. இவற்றுக்கு வேர் பரம்பரையிலும் நோய் எதிர்ப்பு மண்டலத்திலும் இருக்கிறது. சாப்பாடு இவற்றைக் கொஞ்சம் கூட்டலாம், கொஞ்சம் குறைக்கலாம். சாப்பாட்டால் வந்தவை என்று சொல்ல முடியாது.

என் அறையில் நான் அதிகம் பார்ப்பது மூன்றாவது ரகம். இரண்டாவது வகை நோய் உள்ளவர் பத்தியம் என்று ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டே போய், முதல் வகைக் குறையையும் சேர்த்துக்கொண்டு வருவார். நோய் முற்றிவிட்டது என்று நினைத்து இன்னும் நாலு பண்டத்தை நிறுத்துவார்.

2. "சத்துக் குறைவுனா தோல்ல எப்படித் தெரியும்?"

ஒவ்வொரு சத்துக்கும் ஓர் அடையாளம் உண்டு. பி3 என்கிற நியாசின் குறைந்தால் வருவது பெலக்ரா. வெயில் படுகிற இடம் மட்டும் வெந்ததுபோல் கறுத்து உரியும். கூடவே வயிற்றுப்போக்கு, மனக்குழப்பம். ஒருமுறை ஒருவர் கையை நீட்டியபோது, அரைக்கைச் சட்டை முடிகிற இடத்தில் கோடு போட்டாற்போல் நிறம் மாறியிருந்தது. இரண்டு கையிலும் அச்சு அசல் ஒரே மாதிரி. கழுத்தைச் சுற்றி மாலை போட்டதுபோலவும் வரும். 1735இல் ஸ்பெயினில் இந்த நோயை விவரித்த காஸ்பர் காஸல் என்ற மருத்துவரின் பெயரால் அதை 'காஸல் மாலை' என்பார்கள்.

மக்காச்சோளமே கதி என்றிருந்த ஊர்களில் இது கொள்ளைநோய்போல் பரவியது. மெக்சிகோக்காரர்கள் மட்டும் மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்துச் சாப்பிட்டதால் தப்பித்தார்கள். தானியத்தில் சிறைப்பட்டிருக்கும் நியாசினைச் சுண்ணாம்பு விடுவித்துவிடும். நம் பக்கம் தக்காணத்தில் சோளச் சோறு சாப்பிடுகிறவர்களிடம் இது இருந்தது. ஹைதராபாத்தில் கோபாலன், ஸ்ரீகாந்தியா இருவரும் அதை ஆராய்ந்து 1960இல் எழுதினார்கள். இன்றைக்கு நம்மூரில் பெலக்ரா வந்தால், ஆள் பெரும்பாலும் சோறு தண்ணி இல்லாமல் குடிப்பவராக இருப்பார். காசநோய்க்கான ஐசோனியாசிட் மாத்திரையாலும் சிலருக்கு வரலாம்.

முழங்கை, முழங்கால், பின்பக்கம் எல்லாம் முள் முள்ளாகச் சொரசொரப்பு வந்தால் அது தேரைத் தோல். 1933இல் லூசியஸ் நிக்கோல்ஸ் என்ற மருத்துவர் இதற்கு ஃபிரினோடெர்மா என்று பெயர் வைத்தார். அந்தக் கிரேக்கச் சொல்லுக்கும் அதே அர்த்தம்தான். வைட்டமின் ஏ, பி வகைகள், தேவையான கொழுப்பு எல்லாம் சேர்ந்து குறையும்போது குழந்தைகளிடம் பார்க்கலாம். வாய், ஆசனவாய், விரல் நுனிகளைச் சுற்றிப் புண்ணாகி உரிந்தால் துத்தநாகம் நினைவுக்கு வர வேண்டும். ஈறில் ரத்தம், முடிக்கால்களைச் சுற்றிச் சிவப்புப் புள்ளி என்றால் வைட்டமின் சி. உதட்டோரம் வெடிப்பது பி2 அல்லது இரும்புக் குறையாக இருக்கலாம். ஆனால் பல்செட் சரியாகப் பொருந்தாமல் எச்சில் தேங்கினாலும் உதட்டோரம் வெடிக்கும். பல்செட்டைப் பார்க்காமல் பி-காம்ப்ளக்ஸ் எழுதுவதில் பிரயோசனம் இல்லை.

3. "விரல் முட்டி எல்லாம் கறுத்துப்போச்சு. வெயில்ல அலைஞ்சதாலயா?"

இருக்கலாம். ஆனால் விரல் கணுக்களின் மேல்பக்கம், உள்ளங்கை ரேகை, நகத்தைச் சுற்றி என்று குறிப்பாக அங்கங்கே கறுத்திருந்தால் பி12 பார்த்துவிடுங்கள். 1963இல் இதை பி12 குறைவின் அடையாளம் என்று மருத்துவ உலகுக்கு எடுத்துச் சொன்னவர்கள் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் இருந்த பேக்கரும் அவருடைய சகாக்களும். நம்மைப் போன்ற மாநிறத் தோலில்தான் இது நன்றாகத் தெரியும். அதனால் நம் ஊரிலேயே கண்டுபிடிக்கப்பட்டதில் ஆச்சரியமில்லை.

ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இரண்டு வருடமாக முட்டியில் எலுமிச்சைத் தோலைத் தேய்த்திருந்தார். சுத்த சைவம். பால் செரிக்கவில்லை என்று மோரையும் விட்டுவிட்டார். போதாததற்குச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின். அந்த மாத்திரையைப் பல வருடம் சாப்பிட்டால் பி12 உட்கிரகிப்பு குறையும். ஊசி ஆரம்பித்து சில மாதத்தில் கறுப்பு கரைந்தது. எனக்கு அதைவிடக் கவலையாக இருந்தது அவர் பேச்சுவாக்கில் சொன்ன ஒரு விஷயம்: "செருப்பு கழண்டு போனாலும் தெரிய மாட்டேங்குது." பி12 குறைந்தால் நரம்பும் கெடும். கறுப்பு போகும் அளவுக்கு நரம்பு முழுசாகத் திரும்புமா என்பது எவ்வளவு சீக்கிரம் கவனித்தோம் என்பதைப் பொறுத்தது.

பி12 பால், தயிர், முட்டை, மீன், இறைச்சியில் மட்டும்தான் நம்பும்படி கிடைக்கும். புளித்த இட்லி மாவையும் ஸ்பைருலினாவையும் நம்பி இருக்காதீர்கள். ஸ்பைருலினாவில் இருப்பது பெரும்பாலும் நம் உடம்புக்குப் பயன்படாத போலி பி12.

4. "பையன் கன்னத்துல வெள்ளை வெள்ளையா திட்டு. கால்சியம் குறைவா, வயித்துல பூச்சியா?"

ரெண்டும் இல்லை. ஓரம் மங்கலாக, லேசாகப் பொடி உதிர்கிற மாதிரி இருந்தால் அது பெரும்பாலும் வறட்சியோடு வரும் மெல்லிய எக்ஸிமா. வெயிலில் விளையாடி முகம் கறுக்கும்போது திட்டு பளிச்சென்று தெரியும். ஈரப்பதம் தரும் க்ரீம் போதும், நிறம் திரும்பச் சில மாதம் ஆகும். நகத்தில் விழும் வெள்ளைப் புள்ளியும் கால்சியம் அல்ல, எங்கோ இடித்துக்கொண்டதுதான்.

ஒரே ஓர் எச்சரிக்கை. திட்டின் மேல் தொட்டால் உணர்ச்சி குறைவாக இருந்தால் க்ரீம் வாங்கக் கடைக்குப் போகாமல் நேரே டாக்டரிடம் போங்கள். தொழுநோய் இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும்.

5. "பொண்ணுக்குக் கழுத்து கறுப்பு. தேய்ச்சுத் தேய்ச்சுப் பார்த்துட்டேன், அழுக்கு போகவே மாட்டேங்குது."

அது அழுக்கே இல்லை. இதைச் சொல்லும்போதெல்லாம் பக்கத்தில் நிற்கிற பிள்ளையின் முகத்தைப் பார்ப்பேன். எட்டாவது படிக்கிற ஒரு பெண், பாட்டி பீர்க்கங்கூடால் தேய்த்த காயத்தை மறைக்கத் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு வந்திருந்தாள்.

கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் தோல் கறுத்து வெல்வெட் மாதிரி தடித்தால், பெரும்பாலும் ரத்தத்தில் இன்சுலின் தேவைக்கு மேல் சுரந்துகொண்டிருக்கிறது என்று பொருள். இன்சுலினின் பேச்சை உடம்பு சரியாகக் கேட்காததால் கணையம் கூடுதலாகச் சுரக்கிறது. அந்த அதிகப்படி இன்சுலின் தோல் செல்களை வளரத் தூண்டுகிறது. இது சத்துக் குறைவு அல்ல, மிச்சம். எடை, சர்க்கரை அளவு பாருங்கள், மாதவிடாய் தள்ளிப்போகிறதா என்று கேளுங்கள். பாட்டில் ஜூஸையும் பள்ளி விட்டதும் வாங்குகிற பேக்கரிப் பண்டத்தையும் குறைத்து, சாயங்காலம் ஓடி விளையாட விட்டாலே நிறம் மெல்ல மாறும். எலுமிச்சை, பேக்கிங் சோடா வேண்டாம். தேய்த்தால் இன்னும் தடிக்கும்.

6. "கரப்பான் பண்டம்னு கத்தரிக்காய், கருவாடு, இறால் எல்லாம் நிறுத்தச் சொல்றாங்க. நிறுத்தணுமா?"

இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுத ஆரம்பித்தேன். தோல் நோயைக் கிளப்பும் என்று சொல்லப்படும் கரப்பான் பண்டம் என்ற பழைய பட்டியலை நான் சிரித்துத் தள்ள மாட்டேன். அதில் கவனித்துச் சொன்ன விஷயமும் இருக்கிறது. இறால், நண்டு நிஜமாகவே பலருக்கு ஒவ்வாமை தரும். கத்தரிக்காய் சிலருக்கு வாயை அரிக்கும். மீன் விஷயத்தில் இன்னொரு கணக்கு உண்டு. சூரை, கானாங்கெளுத்தி போன்ற மீன்களை ஐஸ் இல்லாமல் வைத்தால், கிருமிகள் அவற்றில் ஹிஸ்டமினை உண்டாக்கும். தோலில் அரிப்பையும் தடிப்பையும் கிளப்புகிற அதே ஹிஸ்டமின். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அழியாது. சாப்பிட்ட சற்று நேரத்தில் முகம் சிவந்து, உடம்பெல்லாம் அரிக்கும். அன்றைக்கு உங்களுக்கு மீன் ஆகவில்லை என்பதல்ல, அந்த மீன் கெட்டிருந்தது. அடுத்த வாரம் புது மீன் வாங்கிச் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது.

தவறு எங்கே என்றால், ஒருவருக்கு ஆகாததை எல்லோருக்கும் தடை போடுவதில். உங்களுக்கு ஒரு பண்டத்தின் மேல் சந்தேகமா? அந்த ஒன்றை மட்டும் இரண்டு மூன்று வாரம் நிறுத்துங்கள். தினமும் அரிப்பு எவ்வளவு என்று பத்துக்கு மார்க் போட்டு எழுதுங்கள். பிறகு திரும்பச் சாப்பிட்டுப் பாருங்கள். நிறுத்தினால் குறைந்து, சாப்பிட்டால் கூடி, இரண்டாம் முறையும் அப்படியே நடந்தால் அது உங்களுக்கு ஆகாது. இல்லையென்றால் எண்ணெய்க் கத்தரிக்காய்க் குழம்பு வையுங்கள். உதடு வீங்கியது, மூச்சு திணறியது என்ற அனுபவம் எப்போதாவது இருந்தால் மட்டும் இந்தச் சோதனை வீட்டில் கூடவே கூடாது.

7. "மீன் சாப்பிட்டுப் பால் குடிச்சா வெண்புள்ளி வருமா?"

வராது. வெண்புள்ளியில் நிறமிச் செல்களை நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே அழிக்கிறது. மீனும் தயிரும் சேர்த்தே குழம்பு வைக்கும் வங்காளிகள் எல்லோருக்கும் வெண்புள்ளி இல்லை. புளிப்பை நிறுத்து, எலுமிச்சையை நிறுத்து என்பதற்கும் ஆதாரம் கிடையாது. வெண்புள்ளி உள்ளவர்களுக்குத் தைராய்டு கோளாறும் பி12 குறைவும் சேர்ந்து வர வாய்ப்புண்டு என்பதால் அந்த இரண்டையும் பார்ப்பது நல்லது.

8. "தினமும் தடிப்பு வருது. ரத்தத்துல நூறு அயிட்டத்துக்கு அலர்ஜி டெஸ்ட் எடுத்தேன். அரிசியே ஆகாதுன்னு வந்திருக்கு. இட்லி கூடச் சாப்பிடக் கூடாதா?"

இட்லியைச் சாப்பிடுங்கள். அந்த மாதிரிப் பட்டியல்களில் பல, ஐஜிஜி என்ற எதிர்ப்புப் பொருளை அளக்கின்றன. அது நீங்கள் அடிக்கடி சாப்பிடுவதைத்தான் காட்டும். தினம் அரிசி சாப்பிடுகிறவருக்கு அரிசி வராமல் வேறு என்ன வரும்? ஒவ்வாமையில் பங்குள்ள ஐஜிஇ என்ற இன்னோர் எதிர்ப்புப் பொருளை அளக்கும் பரிசோதனைக்கு அர்த்தம் உண்டு, ஆனால் அதிலும் 'பாசிட்டிவ்' என்றாலே ஒவ்வாமை ஆகிவிடாது. சாப்பிட்டால் தொந்தரவு வருகிறதா என்பதோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

உணவு ஒவ்வாமைத் தடிப்பு, சாப்பிட்டுச் சில நிமிடங்களில் அல்லது அதிகம் போனால் இரண்டு மணி நேரத்துக்குள் வந்துவிடும். ஆறு வாரத்துக்கு மேல், நாள் கிழமை பார்க்காமல் வந்து போகிற தடிப்புக்கு உணவு காரணமாக இருப்பது அபூர்வம். சாப்பாட்டைவிட உடம்பு வலிக்குப் போடுகிற மாத்திரையைத்தான் முதலில் சந்தேகப்படுவேன். ஆஸ்பிரின், டைக்ளோஃபெனாக் வகைகள் தடிப்பைக் கிளறிவிடும்.

9. "கைக்குழந்தைக்கு எக்ஸிமா. முட்டை, பால், கடலை எதுவும் கொடுக்க வேண்டாமா? தாய்ப்பால் கொடுக்கிற நான் பத்தியம் இருக்கணுமா?"

உங்களுக்குப் பத்தியம் வேண்டாம். குழந்தைக்கு எக்ஸிமா என்ற ஒரே காரணத்துக்காகத் தாய் முட்டை, பாலை நிறுத்தத் தேவையில்லை. எக்ஸிமா கடுமையாக இருந்து, சரியாக க்ரீம் போட்டும் அடங்காமல், குறிப்பிட்ட உணவுக்குப் பிறகு ஏறுகிறது என்றால்தான் உணவு ஒவ்வாமையைச் சோதிப்பார்கள்.

கடலை விஷயத்தில் மருத்துவமே ஒருமுறை குட்டிக்கரணம் அடித்தது. முன்பெல்லாம் தள்ளிப்போடு என்றார்கள். 2015இல் லண்டனில் கிடியன் லாக் குழுவினர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கடும் எக்ஸிமாவோ முட்டை ஒவ்வாமையோ உள்ள 640 குழந்தைகளில் பாதிப் பேருக்கு நிலக்கடலையைச் சீக்கிரமே கொடுக்க ஆரம்பித்தார்கள், மீதிப் பேருக்கு ஐந்து வயதுவரை கொடுக்கவே இல்லை. கொடுத்தவர்களிடம்தான் கடலை ஒவ்வாமை வெகுவாகக் குறைவாக வந்தது. தோல் வெடித்திருக்கும்போது உணவுத் துகள் தோல் வழியாகப் போனால் ஒவ்வாமை பழகும், வாய் வழியாகப் போனால் சகிப்பு பழகும் என்பது இதற்குச் சொல்லும் விளக்கம். எக்ஸிமா கடுமையாக இருக்கும் குழந்தைக்கு முதல்முறை கொடுப்பதை டாக்டரிடம் கேட்டுச் செய்யுங்கள். முழுக் கடலை வேண்டவே வேண்டாம், தொண்டையில் அடைத்துக்கொள்ளும். மையாக அரைத்துக் கூழில் கரைத்துக் கொடுக்க வேண்டும்.

10. "சோரியாசிஸுக்குக் கோதுமையை நிறுத்தினா போதுமாமே?"

சீலியாக் நோய் உள்ளவருக்கு மட்டும். அவர்களுக்குக் கோதுமையின் க்ளூட்டன் குடலைக் கெடுக்கும். சீலியாக்கோடு சேர்ந்து முழங்கை, முழங்கால், பின்பக்கத்தில் சின்னச் சின்னக் கொப்புளமாக, தூங்கவிடாத அரிப்போடு வருகிற வேறொரு தோல் நோய் உண்டு. அதற்குக் கோதுமையை நிறுத்துவதே வைத்தியம். சோரியாசிஸ் உள்ள மற்றவர்கள் சப்பாத்தியை விட்டுவிட்டு மூன்று வேளையும் சோறு சாப்பிட்டால் எடைதான் ஏறும்.

சோரியாசிஸில் சாப்பாட்டு வழியாக உறுதியாகச் சொல்லக்கூடிய பலன் எடைக் குறைப்பில்தான் இருக்கிறது. தொப்பையின் கொழுப்பு சும்மா இருப்பதில்லை, அழற்சியைத் தூண்டும் பொருள்களைச் சுரந்துகொண்டே இருக்கும். எடை குறைந்தால் திட்டுகளும் அடங்கும், மருந்தும் நன்றாக வேலை செய்யும். மீன் எண்ணெய் மாத்திரைக்கு ஆய்வுகள் அப்படியும் இப்படியுமாகத்தான் சொல்கின்றன. வாரம் இரண்டு நாள் மத்தி மீன் சாப்பிடுங்கள், அது எப்படியும் நல்லது.

குடிப்பவர்கள் கவனிக்க: மது சோரியாசிஸைக் கூட்டும். சோரியாசிஸுக்குத் தரும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால் ஈரலுக்கு இரட்டை அடி. அந்த மாத்திரையோடு எழுதித் தருகிற ஃபோலிக் அமிலத்தை 'வெறும் சத்து மாத்திரைதானே' என்று விட்டுவிடாதீர்கள். மெத்தோட்ரெக்சேட் தடுப்பது ஃபோலேட் என்கிற அந்தச் சத்தின் வேலையைத்தான், வாய்ப்புண்ணும் குமட்டலும் அதனால்தான் வருகின்றன.

11. "முகப்பருவுக்கு எண்ணெய்ப் பலகாரத்தை நிறுத்தினேன். குறையலை. வேற எதை நிறுத்த?"

வடை எண்ணெய் நேரே முகத்துக்கு வருவதில்லை. சந்தேகப்பட வேண்டியது சர்க்கரையைச் சட்டென்று ஏற்றும் உணவு. 2007இல் ஆஸ்திரேலியாவில் 43 இளைஞர்களை வைத்து 12 வாரம் செய்த ஆய்வில், சர்க்கரையை மெதுவாக ஏற்றும் உணவைச் சாப்பிட்டவர்களுக்குப் பரு அதிகம் குறைந்தது. அவர்களுக்கு எடையும் குறைந்தது, எனவே பலன் எதனால் என்பதில் கொஞ்சம் சந்தேகம் மிச்சம். பப்புவா நியூ கினியில் கிட்டாவா என்ற தீவில் ஏறத்தாழ 1200 பேரைப் பார்த்தும் ஒருவருக்கும் பரு இல்லை என்று 2002இல் எழுதினார்கள். கிழங்கும் தேங்காயும் மீனும் சாப்பிடுகிறவர்கள். தேங்காயும் மீனும் பருவைக் கொண்டுவரும் என்கிற நம்மூர் மாமியார்களுக்கு இதைச் சொல்ல ஆசை.

5ஆம் கேள்வியில் சொன்ன இன்சுலின்தான் இங்கேயும் எண்ணெய்ச் சுரப்பிகளைத் தூண்டுகிறது. பால் சிலருக்கு லேசாகக் கூட்டலாம். ஜிம்முக்குப் போகிற தம்பிகளுக்கு மட்டும் ஒன்று: பாலிலிருந்து எடுக்கும் வே புரோட்டீன் பொடியை ஆரம்பித்த தேதியையும் பரு ஆரம்பித்த தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

12. "படர்தாமரைக்கு என்ன பத்தியம்?"

ஒன்றும் இல்லை. அது பூஞ்சை. சர்க்கரை நோய் இருந்தால் அதைக் கட்டுக்குள் வையுங்கள். கடையில் நீங்களாக வாங்கித் தடவும் ஸ்டீராய்டு கலந்த க்ரீமை நிறுத்துங்கள். துண்டு, உள்ளாடையைத் தனியாகத் துவைத்து வெயிலில் காயப்போடுங்கள்.

13. "தினம் கீரை சாப்பிடறேன். எனக்கு எப்படி இரும்புச் சத்து குறையும்?"

நல்ல கேள்வி. கீரையில் இருக்கும் இரும்பு கஞ்சத்தனமாகத்தான் உடம்பில் சேரும். கூடவே டீ குடித்தால் அதுவும் போச்சு. டிபனோடு டீ என்ற பழக்கத்தை மட்டும் ஒரு மணி நேரம் தள்ளிவைத்து, கீரையில் எலுமிச்சை பிழிந்தோ கூட ஒரு நெல்லிக்காய் கடித்தோ சாப்பிடுங்கள். கேழ்வரகு, பயறு வகைகளில் ஃபைட்டேட் என்ற பொருள் இரும்பையும் துத்தநாகத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். ஊறவைப்பது, முளைகட்டுவது, மாவைப் புளிக்க வைப்பது எல்லாம் அந்தப் பிடியைத் தளர்த்தும். நம் பாட்டிகள் செய்ததில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் இது.

ஆனால் பெண்களுக்கு அதிக உதிரப்போக்கு, வயிற்றுப்புண், மூலம், கொக்கிப்புழு என்று ஓட்டை வேறு இடத்தில் இருந்தால் கீரை ஈடுகட்டாது. தோலில் ஒரு பொட்டுகூட இல்லாமல் உடம்பெல்லாம் அரிக்கிறது என்றால் இரும்பு பாருங்கள். தைராய்டு, சர்க்கரை, ஈரல், சிறுநீரகமும் பாருங்கள்.

14. "வைட்டமின் டி கம்மின்னு வந்திருக்கு. அதனாலதான் சோரியாசிஸா?"

வெயில் ஊரிலேயே வைட்டமின் டி குறைந்தவர்கள் ஏராளம், அவர்களில் பெரும்பாலோருக்குச் சோரியாசிஸ் இல்லை. வைட்டமின் டியைப் போன்ற கால்சிபோட்ரியால் களிம்பு சோரியாசிஸுக்கு நன்றாக வேலை செய்யும். அதனால் மாத்திரையும் அப்படியே செய்யும் என்று நினைத்துவிடுகிறோம். அதற்குத் தெளிவான ஆதாரம் இல்லை. எலும்புக்காகக் குறையைச் சரிசெய்யுங்கள்.

60,000 யூனிட் மாத்திரை பெரும்பாலும் வாரத்துக்கு ஒன்று. சீட்டைச் சரியாகப் படிக்காமல் தினம் ஒன்றாகப் போட்டு, வாந்தியும் மலச்சிக்கலுமாக வந்தவரைப் பார்த்திருக்கிறேன். ரத்தத்தில் கால்சியம் ஏறிவிட்டது.

15. "எதுக்கும் இருக்கட்டும்னு பயோட்டின், ஜிங்க், வைட்டமின் ஏ எல்லாம் போட்டுக்கறேன். தப்பா?"

பயோட்டின் குறைவு வர நீங்கள் பச்சை முட்டை வெள்ளைக்கருவை மாதக்கணக்கில் குடித்திருக்க வேண்டும். மற்றபடி அபூர்வம். அதிக அளவு பயோட்டின் தைராய்டு, மாரடைப்புப் பரிசோதனை முடிவுகளைப் புரட்டிப்போடும் என்று 2017இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எச்சரித்தது. ரத்தம் கொடுக்கும் முன் அதைச் சாப்பிடுவதை மறக்காமல் சொல்லிவிடுங்கள். ஜிங்க் என்கிற துத்தநாகத்தை மாதக்கணக்கில் அதிகமாகப் போட்டால் உடம்பில் தாமிரம் குறைந்து ரத்தசோகையும் நரம்புக் கோளாறும் வரும். வைட்டமின் ஏ மாத்திரை கர்ப்பத்தில் ஆபத்து. பருவுக்கு ஐசோட்ரெடினோயின் சாப்பிடுகிறவரும் தொடவே கூடாது, இரண்டும் ஒரே குடும்பம்.

பப்பாளி, கேரட்டால் அந்த ஆபத்து வராது. நிறையச் சாப்பிட்டால் உள்ளங்கை மஞ்சளாகும், அவ்வளவுதான். கண் வெள்ளையாகவே இருந்தால் மஞ்சள் காமாலை என்று பயப்பட வேண்டாம்.

16. "அப்போ மருந்தை நிறுத்திட்டு சாப்பாட்டுலயே சரி பண்ணிக்கலாமா?"

முதல் கேள்வியில் சொன்ன முதல் வகையாக இருந்தால் சத்துதான் மருந்து. இரண்டாவது வகையில் முடியாது. அதுவும் ஸ்டீராய்டு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் சோரியாசிஸ் சீழ்க்கொப்புளமாகவோ உடம்பு முழுக்கச் சிவந்து உரிவதாகவோ திரும்பலாம். படுக்கையில் கூட்டி அள்ளும் அளவுக்குச் செதில் உதிரும். உதிர்வது புரதம். அந்த நேரத்தில் கஞ்சியும் ரசமும் மட்டும் குடிப்பது, ஓட்டைப் பானையில் அரை டம்ளர் தண்ணீர் ஊற்றுகிற கதைதான்.

17. "ஒரு வருஷமா பத்தியம். இப்போ எதுலேர்ந்து ஆரம்பிக்கிறது?"

நாள்காட்டித் தாள் பெரியவருடைய கேள்வி. அவருக்குச் சோரியாசிஸ். நிறுத்திய 23இல் முட்டை, பால், தயிர், மீன், கடலை, கொண்டைக்கடலை எல்லாம் இருந்தன. கால் வீங்கியிருந்தது, ரத்தத்தில் புரதம் குறைவு, பி12 குறைவு, விரல் முட்டி கறுப்பு. திட்டுகள் மட்டும் ஒரு வருடத்துக்கு முன்பு இருந்த அதே இடத்தில் அப்படியே இருந்தன.

நாங்கள் செய்தது இவ்வளவுதான். எதைச் சாப்பிட்டு நிஜமாகவே தொந்தரவு வந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். 23இல் ஒன்றே ஒன்று தேறியது, நண்டு. அதன் பக்கத்தில் ஒரு வட்டம் போட்டோம். மீதியில் புரதம் உள்ளவற்றை முதலில் எடுத்தோம். ஒரு பண்டம், நாலு நாள், பிறகு அடுத்தது. ஒன்றாக எல்லாவற்றையும் தொடங்கினால், நடுவில் ஒருநாள் அரித்தால்கூட எதைச் சொல்வது என்று தெரியாது. முதலில் வேகவைத்த முட்டை, அடுத்து தயிர், அப்புறம் கொண்டைக்கடலைச் சுண்டல், பிறகு மீன். டாக்டர் கொடுத்த களிம்பும் மாத்திரையும் பாட்டுக்கு நடந்தன.

மூன்றாவது முறை வந்தபோது தாளில் இருபத்தொரு பெயர் அடிக்கப்பட்டிருந்தது. வட்டம் போட்ட நண்டு போக, கத்தரிக்காயை மட்டும் அடிக்காமல் வைத்திருந்தார். ஏன் என்று கேட்டேன். "எனக்கு முன்னாடியிருந்தே பிடிக்காதும்மா. வீட்டுல கேட்டா டாக்டர் வேண்டாம்னு சொல்லிட்டார்னு சொல்லியிருக்கேன்" என்றார்.